டிஎஸ்கான்: பூட்டைக் கழற்றுவதற்குப் பெயர் தீர்வா?

வீடு பாபநாசத்தில், வேலை கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு ஆடிட்டர் ஆபீசில். இப்படி பி.காம். முடித்தவர்களும் முடிக்கப் போகிறவர்களும் காலை ரயிலில் ஒரு பெட்டி நிறைய இருப்பார்கள். மாதத்தில் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கினால் (ஜிஎஸ்டி பார்ப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை) ராத்திரியும் வேலை ஓயாது. சாப்பிட்டுவிட்டு வீட்டு லேப்டாப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போவார்கள். அதில் தப்பே இல்லை. கடைசி பஸ்ஸுக்கு ஓடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

வம்பு ஆரம்பிப்பது டிஜிட்டல் கையெழுத்து டோக்கனில். பென் டிரைவ் மாதிரி இருக்குமே, அதேதான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகித்தான் இருக்கும். ரிமோட்டில் போய்ப் பார்த்தால் டோக்கனே இல்லை என்று சாஃப்ட்வேர் சாதிக்கும். ரிமோட் டெஸ்க்டாப்புக்குள் இருக்கும்போது விண்டோஸ் டோக்கனைத் தேடுவது ஆள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரில். ஆபீஸ் மேஜையில் செருகியிருப்பதை அது கண்டுகொள்ளாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. பேங்க் ஸ்டேட்மென்டை டாலியில் ஏற்ற, மவுசையும் கீபோர்டையும் தானாக இயக்கும் மேக்ரோவை ஓட விட்டிருப்பார்கள். ரிமோட் ஜன்னலை மூடியதும் அதற்குத் திரை இல்லாமல் போய், பாதியில் நின்றுவிடும்.

இரண்டுக்கும் ஊரெல்லாம் சொல்லும் கைமருந்து ஒன்றுதான்: டிஎஸ்கான். விண்டோஸோடு வரும் சின்னக் கட்டளை. செஷன் எண்ணைக் கொடுத்து "கன்சோலுக்குப் போ" என்றால், ரிமோட்டில் திறந்திருந்த திரை ஆபீஸ் மானிட்டரில் அப்படியே போய் நிற்கும். பாஸ்வேர்டு கேட்காது. இதை ஒரு பேட்ச் ஃபைலில் எழுதி, அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓடும்படி டெஸ்க்டாப்பில் ஒரு ஐகான் வைத்துவிடுவார்கள். அப்புறம் எனிடெஸ்க் மாதிரி ஒன்றில் உள்ளே வந்தால் டோக்கன் தெரியும், மேக்ரோவும் ஓடும். எழுதிக் கொடுத்தவருக்கு ஆபீசில் ஹீரோ பட்டம்!

அந்த நேரத்தில் ஆபீசில் என்ன நடக்கிறது என்று யாராவது யோசித்தார்களா? ஆளில்லாத அறையில் லாகின் ஆன திரை, அதில் டாலி, பக்கத்தில் ஏதோ ஒரு அரிசி ஆலைக் கம்பெனி இயக்குநரின் கையெழுத்து டோக்கன். மானிட்டரை அணைத்து வைத்திருக்கிறோம் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். சுவிட்சை அணைத்தால் கதவு பூட்டிக்கொள்ளுமா?

"டோக்கனுக்கு பின் நம்பர் இருக்கிறதே" என்பது அடுத்த வாதம். இருக்கிறது. பல ஆபீஸ்களில் அது டோக்கனின் முதுகிலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறது. வாங்கும்போது வந்த எண்ணையே மாற்றாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. மேக்ரோக்காரர்களின் நிலைமை இன்னும் மோசம். திரையைப் பூட்டினால் மேக்ரோ நின்றுவிடும், ஓட வேண்டுமென்றால் ராத்திரி முழுக்கத் திறந்தே கிடக்க வேண்டும்.

இதோடு நிற்பதும் இல்லை. கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் லாகின் திரையில் நிற்குமே என்று அடுத்ததாக ஆட்டோ லாகின் போடுவார்கள். ரெஜிஸ்ட்ரியில் கையால் எழுதிப் போட்டால் பாஸ்வேர்டு அங்கே மறைக்கப்படாமல் அப்படியே கிடக்கும். டிஎஸ்கானுக்கு இன்னொரு முகமும் உண்டு. சிஸ்டம் உரிமையோடு அதை ஓட்டினால், அதே கம்ப்யூட்டரில் லாகின் ஆகியிருக்கும் இன்னொருவரின் செஷனுக்குள் அவர் பாஸ்வேர்டு இல்லாமலே நுழையலாம். 2017-ல் அலெக்சாண்டர் கோர்ஸ்னிகோவ் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதைச் செய்து காட்டியபோது உலகமே பேசியது. எல்லோருக்கும் அட்மின் உரிமை கொடுத்துவைக்கும் ஆபீஸ்களுக்கு அது இன்றும் பாடம்.

மாட்டிக்கொள்வது யார்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 42-ஐப் படித்துப் பாருங்கள். கையெழுத்துச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பு சான்றிதழ் வாங்கியவருடையது. சாவி பறிபோனால், சான்றிதழ் கொடுத்த அமைப்புக்குத் தெரிவிக்கும் வரை பொறுப்பு அவர் தலையில். ஸ்கிரிப்ட் எழுதியவரின் பெயர் எந்தப் படிவத்திலும் இருக்காது. விசாரணை என்று வந்தால் முதலில் மாட்டுபவர் முதலாளி. அடுத்து, "ராத்திரி லாகின் யாருடையது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய, சொற்பச் சம்பளத்துப் பையனோ பெண்ணோ.

பாபநாசம் பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது. 3,000 கலம் கொள்ளும் என்பார்கள். அதன் கதவைத் திறக்கச் சிரமமாக இருக்கிறது என்று கதவையே கழற்றி வைத்தவரை அந்தக் காலத்தில் யாரும் கெட்டிக்காரர் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, வேறு வழி? இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் செட்டிங்கில் "லோக்கல் ரிசோர்சஸ்" பகுதியில் ஸ்மார்ட் கார்டு என்று ஒரு டிக் உண்டு. அதைப் போட்டுவிட்டு, டோக்கனின் சொந்தக்காரர் தன் கம்ப்யூட்டரிலேயே அதைச் செருகி ரிமோட்டில் வந்து கையெழுத்துப் போடலாம். டோக்கன் அவர் கையை விட்டுப் போகவே வேண்டாம். விண்டோஸ் அப்படித்தான் எதிர்பார்க்கிறது. மேக்ரோ ஓட்டியே ஆக வேண்டுமா? டோக்கனோ கட்சிக்காரர் கணக்கோ இல்லாத தனிக் கம்ப்யூட்டரில் ஓட்டுங்கள். டாலிக்கு எக்ஸ்எம்எல் இறக்குமதி இருக்கிறது, அதற்கு மவுசை ஆட்டிக் காட்டத் தேவையே இல்லை. பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு காட்டும் கம்ப்யூட்டருக்கு டிஎஸ்கான் தாராளமாகப் போடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

ராத்திரி வேலை குறைய வேண்டுமென்றால் இன்னொரு ஆளைப் போடச் சொல்லி முதலாளியிடம் கேட்க வேண்டும். அது கஷ்டம், பேட்ச் ஃபைல் எழுதுவது சுலபம். அதனால்தான் ஆபீசுக்கு ஆபீஸ் இந்த ஐகான் உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கு வேலைக்குப் போனதும் டெஸ்க்டாப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முதலில் டோக்கனைப் பிடுங்கி உரியவர் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் அதை டெலீட் செய்யுங்கள்.