ஷெட்டில் லிஃப்ட் வைக்கலாம், முதலில் எர்த்தைப் பாருங்கள்

கோவையில் வீட்டு கார் ஷெட்டிலேயே இரண்டு தூண் லிஃப்ட் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். 1937-லேயே மோட்டார் செய்த ஊர் இது, செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் வேறு இருக்கிறது. பழைய ஜீப்பைத் தூக்கி நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை பூராவும் அதன் அடியில் நின்று கையெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொள்வது சிலருக்குத் தனி சுகம். ஒயரிங் காண்ட்ராக்டரான எனக்கு அது பிழைப்பு. ஆசையைக் குறை சொல்ல வரவில்லை. அந்த லிஃப்டுக்கு கரண்ட் எங்கிருந்து, எப்படிப் போகிறது என்பதில்தான் எனக்குச் சண்டை.

வடவள்ளிப் பக்கம் ஒரு தம்பி, டெக்சாஸில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர், வீட்டுச் சாமான்களோடு லிஃப்டையும் கண்டெய்னரில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். "அங்க இதுக்குன்னு தனியா 240 வோல்ட் பாயிண்ட் இழுத்திருந்தேனுங்க அண்ணா. இங்க அது கிடைக்குமுங்களா?" என்று கேட்டார். "உங்க வீட்டு மிக்ஸி ஓடுறதே அந்த வோல்டேஜ்லதானுங்க தம்பி" என்றேன்.

அமெரிக்க வீடுகளில் சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட். வீட்டுக்குள் இரண்டு ஃபேஸ் கம்பிகள் வரும், ஒவ்வொன்றும் தரைக்கு 120 வோல்ட். இரண்டையும் சேர்த்தெடுத்தால் 240. ஏ.சி., துணி காயவைக்கும் மெஷின், இந்த மாதிரி லிஃப்ட் என்று பெரிய லோடுக்கு மட்டும் அதற்கெனத் தனி பிரேக்கர், தடிமனான ஒயர், வேறு வடிவத்தில் ஒரு பிளக் வைப்பார்கள். அப்போதும்கூட ஒருவர் தெரியாமல் ஒரு கம்பியைத் தொட்டால் உடம்பில் பாய்வது 120 வோல்ட்தான். நம் வீட்டில் ஒரே கம்பி, அதிலேயே 230.

அந்தப் பாயிண்ட் போட, தம்பி இருந்த நகரத்தில் முதலில் பர்மிட் வாங்க வேண்டுமாம். வேலை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாராம். லீக்கேஜ் வந்தால் லைனை வெட்டிவிடும் கருவியை கலிபோர்னியாவில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர் 1961-ல் உருவாக்கினார். வீட்டு கார் ஷெட்டின் பிளக்குகளுக்கு அதை அவர்களுடைய மின் விதிகள் 1978-லேயே கட்டாயமாக்கின, 2020 பதிப்பில் 240 வோல்ட் பிளக்குகளையும் சேர்த்துக்கொண்டன. அவர்கள் இவ்வளவு பயந்து கையாளுகிற வோல்டேஜ் நம் வீட்டில் பாத்ரூம் கீசரிலும் மாடித் தண்ணி மோட்டாரிலும் காவலில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

தம்பியின் வீட்டுப் போர்ட்டிகோவில் ஏற்கெனவே ஒரு 15 ஆம்பியர் பாயிண்ட் இருந்தது. "இதுலயே போட்டுக்கலாமுங்களா?" என்றார். தட்டைக் கழற்றினேன். சிவப்பு ஒயர் சுவிட்ச் வழியாக வந்து சேர்ந்திருந்தது, கறுப்பு நியூட்ரலும் சரி. மேலே பெரிய ஓட்டையின் பின்னால், எர்த் ஒயர் வரவேண்டிய இடத்தில், அரை விரல் நீளத்துக்கு ஒரு துண்டுக் கறுப்பு ஒயர். அதன் மறுமுனை பக்கத்திலேயே நியூட்ரல் ஸ்க்ரூவில் முறுக்கப்பட்டிருந்தது. பச்சை ஒயர் குழாய்க்குள் வரவே இல்லை.

எங்கள் தொழிலில் இது சர்வ சாதாரணம். எர்த் இழுக்க மறந்துபோனாலோ, ஒயரை மிச்சம் பிடித்தாலோ, நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டால் கோத்துவிடுவார்கள். டெஸ்ட் லேம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பிடித்தால் பல்பு பளிச்சென்று எரியும். வீட்டுக்காரர் எர்த் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவார். அந்த லைனில் எங்கேயோ ஒரு நாள் நியூட்ரல் ஸ்க்ரூ லூஸாகிக் கழன்றால் என்ன ஆகும்? ஃபேஸ், மோட்டார் சுருளுக்குள் புகுந்து நியூட்ரல் பக்கம் வந்து, திரும்பிப்போக வழியில்லாமல், இந்தத் துண்டு ஒயர் வழியாக இரும்புத் தூணுக்கு ஏறிவிடும். கார் கழுவிய ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர் அந்தத் தூணைப் பிடித்தால் வழி அவர்தான்.

எர்த் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. இங்கே பலரும் என்னோடு ஒத்துப்போவதில்லை, அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ் 10 ஓம் என்று வையுங்கள். கோடையில் காய்ந்துபோன குழிக்கு 10 ஓம் ஒன்றும் பெரிதில்லை. ஃபேஸ் அறுந்து தூணில் பட்டால், 230-ஐ 10-ஆல் வகுக்க வருவது 23 ஆம்பியர். லைனில் இருப்பதோ 32 ஆம்பியர் எம்.சி.பி. அதைப் பொறுத்தவரை 23 ஆம்பியர் வழக்கமான லோடு, ட்ரிப் ஆகவே ஆகாது. தூண் கரண்டோடு அப்படியே நிற்கும். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரைத்தான். மனுஷனைக் காப்பாற்ற ஆர்.சி.டி. வேண்டும். போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் அது ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். எர்த் குழி 100 ஓம் ஆனாலும் 2.3 ஆம்பியர் கசியும், அது ஆர்.சி.டி.க்குத் தாராளம்.

இது சட்டத்தில் இல்லாத சங்கதி அல்ல. சின்ன லோடு வீடுகளை விட்டுவிட்டு மற்ற வீடுகளுக்கு லீக்கேஜ் வந்தால் வெட்டும் கருவி வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010 ஒழுங்குமுறைகளே சொல்லிவிட்டன. பல வீடுகளில் ஆர்.சி.டி. இருக்கவும் செய்கிறது, ஆனால் மெயின் பாக்ஸில் பொம்மையாக. "சும்மா சும்மா ட்ரிப் ஆவுதுங்க" என்று வீட்டம்மா சொல்ல, வந்த எலக்ட்ரீஷியன் இரண்டு கம்பியையும் அதைத் தாண்டி நேராகக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அது சும்மா ட்ரிப் ஆகவில்லை. எங்கேயோ நியூட்ரலும் எர்த்தும் கோத்திருக்கும், இல்லையென்றால் இன்வர்ட்டர் நியூட்ரல் கலந்திருக்கும், கீசர் காயில் கசிந்துகொண்டிருக்கும். உள்ளே கோளாறு இருக்கிறது என்று அது கத்தியதற்கு அதன் வாயைக் கட்டிவிட்டோம்.

தம்பியின் வேலைக்கு வருகிறேன். அவர் கொண்டுவந்த மோட்டாரின் தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று அடித்திருந்தது. நம் லைன் 50. அதே வோல்டேஜில் இங்கே ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், இரும்புக் கோர் திணறும், சூடேறும். மோட்டாரை மட்டும் மாற்றச் சொன்னேன், கணபதியிலோ பீளமேட்டிலோ கிடைக்காத மோட்டாரா? வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இருந்ததால் 2 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டாராகவே போட்டோம். அதே 2 எச்.பி. ஒற்றை ஃபேஸ் மோட்டாராக இருந்தால் ஓடும்போது ஏறக்குறைய 11 ஆம்பியர் எடுக்கும், கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அந்த நொடியில் வீட்டு விளக்கெல்லாம் மங்கும். மூன்று ஃபேஸில் ஒரு லைனுக்கு நாலு ஆம்பியருக்குள் முடிந்துவிடும். ஒரு ஃபேஸ் போனால் மோட்டார் எரியும் என்று தோட்டத்து விவசாயிக்குத் தெரிந்தது நமக்கும் தெரிய வேண்டும் என்பதால், அதைத் தடுக்கும் ரிலேயும் உண்டு.

முதல் முறை பொத்தானை அழுத்தியபோது மோட்டார் சுற்றியது, வண்டி எழும்பவில்லை. பம்ப் தலைகீழாகச் சுற்றினால் ஆயில் ஏறாது. இரண்டு ஃபேஸை மாற்றிப் போட்டதும் ஜீப் கிளம்பியது, லாக் ஒவ்வொன்றாக டக் டக்கென்று விழும் சத்தம் கேட்டது. லாக்கில் உட்கார்ந்தபின் வண்டியைத் தாங்குவது இரும்புதான், கரண்ட் போனாலும் கீழே வராது.

இந்த லிஃப்டே வேண்டாம் என்கிறவர்களுக்கும் இதில் சேதி உண்டு. லிஃப்ட் மோட்டார் ஓடுவது ஏறக்குறைய ஒரு நிமிஷம். எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்கள் போர்ட்டிகோவின் அதே 15 ஆம்பியர் பாயிண்டில் ராத்திரி பூராவும் சார்ஜ் போடுகிறார்கள். நிமிஷ நேர லோடில் தப்பித்துக்கொள்ளும் லூஸ் ஸ்க்ரூ ராத்திரி நேர லோடில் உருகும். மெயினிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., தனி ஆர்.சி.டி., நிஜமான எர்த், இவை இல்லாமல் அந்தப் பாயிண்டில் வண்டியைச் செருகாதீர்கள்.

புது இணைப்புக்கும் லோடு கூட்டவும் எங்கள் மாதிரி லைசன்ஸ் உள்ளவர்கள் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். அந்தக் கையெழுத்துகளில் எத்தனை, இன்சுலேஷன் அளக்கும் மெகரையும் எர்த் டெஸ்டரையும் பெட்டியிலிருந்து எடுத்த பிறகு போட்டவை என்று எங்கள் சங்கத்துக்காரர்களே நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். படிவத்தில் எண் எழுதுவது சுலபம், அதைச் சரிபார்க்க வீட்டுக்காரருக்கு வழியில்லை. அளவீடு வீட்டுக்காரர் முன்னிலையில் நடக்க வேண்டும். எர்த் எத்தனை ஓம், இன்சுலேஷன் எத்தனை மெகா ஓம், ஆர்.சி.டி. எத்தனை மில்லி ஆம்பியரில் வெட்டியது என்று எழுதிய நகல் ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். இதை அரசு கட்டாயமாக்கினால் எங்கள் தொழிலில் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

அதுவரை நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இன்றைக்கு உங்கள் மெயின் பாக்ஸைத் திறந்து, டி என்று எழுதிய டெஸ்ட் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழுத்துங்கள், லைட்டு, ஃபேன் எல்லாம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றாலோ, அந்தப் பொத்தானே இல்லை என்றாலோ, லைசன்ஸ் உள்ள ஒயர்மேனை இந்த வாரமே கூப்பிடுங்கள். அவர் வரும்போது கையில் எர்த் டெஸ்டர் இருக்கிறதா என்று பார்த்து வேலை கொடுங்கள்.