இறுக்கினால் போதுமா?

"இன்னும் ஒரு சுத்து போடுங்க சார், அப்புறம் ஆடவே ஆடாது." ரைஃபிளில் ஸ்கோப் மாட்டும்போது பக்கத்தில் நிற்பவர் தரும் இலவச ஆலோசனை இது. என்னைக் கேட்டால், நல்ல ஸ்கோப்பைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு இடமில்லை. 2008ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2024ல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் ஸ்கோப் இல்லாமல்தான். ஆனால் பொழுதுபோக்குக்கு ஏர் ரைஃபிள் வாங்குகிறவர்கள் பலருக்கு ஸ்கோப் இல்லாமல் முடியாது. அதிலும் ஸ்ப்ரிங் வகை என்றால், சுடும்போது பின்னால் ஒரு உதை, முன்னால் ஒரு உதை. ஸ்க்ரூ கழன்றுகொள்ள இது போதும்.

சின்னக் கணக்கு ஒன்று. இரண்டு ரிங்குகளுக்கும் நடுவே 100 மி.மீ. என்று வையுங்கள். ஒரு பக்கம் வெறும் 0.1 மி.மீ. நகர்ந்தால், 25 மீட்டர் தூரத்தில் குறி 2.5 செ.மீ. தள்ளிப் போகும். பழி ஸ்கோப் மேல்!

அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால்? ஸ்கோப்பின் உடல் மெல்லிய அலுமினியக் குழாய். நசுங்கும், உள்ளே லென்ஸ் நகர்வது சிக்கும். ரிங் ஸ்க்ரூக்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வது 15 முதல் 18 இன்ச்-பவுண்ட், அதாவது சுமார் 2 நியூட்டன் மீட்டர். 10 செ.மீ. நீள ஆலன் கீயின் நுனியில் 2 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஸ்க்ரூவை இழுத்துப் பிடிக்கிறது. மிச்சமெல்லாம் உராய்வுக்கே போகிறது. மரையில் கொஞ்சம் எண்ணெய் பட்டால் உராய்வு குறையும், அதே முறுக்குக்கு இழுவிசை எகிறும். கைக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அதனால் மரையைத் துடையுங்கள். முதலில் அடிப்பகுதி, பிறகு ரிங். மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கும்படி. கடைசியில் டார்க் ஸ்க்ரூடிரைவர்.

வேடிக்கை என்னவென்றால், தொழிற்சாலையில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் நியூட்டன் மீட்டர் பார்த்துக் கையெழுத்துப் போடும் எங்கள் ஆட்களே வெளியே வந்தால் "கை சொல்லும் சார்" என்கிறார்கள். கை காலையில் ஒன்று சொல்லும், களைத்துப்போன சாயங்காலம் வேறொன்று சொல்லும். கைப்பக்குவமெல்லாம் சாம்பாருக்குச் சரி. ஸ்க்ரூவுக்கு எண்தான் :-)