பிள்ளைகளோடு மீன் பிடிக்கப் போனால் தூண்டில் யார் கையில்?

பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போய்வருகிற நம்மூர்ப் பெரியவர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். அங்கே கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போய், பகல் முழுக்க மீன் பிடித்துவிட்டு வருவது உண்டு. என் மகள் வீடு பெசான்சோன் பக்கம். பக்கத்திலேயே லூ என்ற ஆறு. இரண்டு கோடைகளில் ஆறேழு தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். பேரனுக்கு எட்டு வயது, பேத்திக்கு ஐந்து.

இதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அழைத்துப் போகும் நாளில் பெரியவர்கள் தூண்டிலைக் கையில் எடுக்கக் கூடாது. மாப்பிள்ளைக்கு இது ரசிக்காது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த மீன்பிடி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அதற்குப் பெயர் ‘பெஷ் ஆ லா மூஷ்’. மூஷ் என்றால் ஈ. நம்மூரில் தூண்டில் என்றால் மண்புழு, தக்கை, ஈயக்குண்டு. இங்கே புழுவும் இல்லை, குண்டும் இல்லை. முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரியே செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கு எடையே கிடையாது. வீசுவதற்கு வேண்டிய கனம் நூலில் இருக்கிறது. கோலைப் பின்னால் வீசி, நூல் முழுக்க நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். ஈ தானாக வந்து தண்ணீரில் உட்கார்ந்தது போல விழ வேண்டும். த்ருயித் என்கிற ட்ரவுட் மீன் அதில் ஏமாந்து வாயைக் கொடுக்கும்.

இது சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாத வித்தை என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தக்கையைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்காருவதுதான் பிள்ளைகளுக்கு ஆகாது. இதில் கைக்கும் காலுக்கும் ஓயாத வேலை. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. மீன் இன்றைக்கு எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று தெரிந்தால்தான் எந்த ஈயைக் கட்டுவதென்று தெரியும். அதற்கு ஆற்றோரத்துக் கல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கல்லைப் புரட்டச் சொன்னால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்கும்? மணலையும் குச்சியையும் ஒட்டித் தனக்குத்தானே குழாய் போல வீடு கட்டிக்கொண்டு வாழும் புழு ஒன்று அங்கே இருக்கிறது. பேத்தி அதைப் பார்த்தபிறகு தூண்டில் பக்கமே வரவில்லை. கல்லைப் பழையபடி வைத்துவிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். ஈ வைத்து மீன் பிடிப்பவன் கண், நூல் நுனியை விட்டு நகராது. நகர்ந்தால் மீன் போயிற்று. அப்படிப்பட்டவன் ஐந்து வயதுப் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வான்? தண்ணீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூச்சல் போடாது, சத்தமில்லாமல் போய்விடும். ஆற்று நீர் கோடையிலும் சில்லென்றிருக்கும், கல்லெல்லாம் வழுக்கும். மேலே அணை இருக்கிற ஆறுகளில் தண்ணீர் திடீரென்று ஏறும் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பலகையைப் படிக்கவாவது ஒருவர் நிமிர்ந்து பார்க்க வேண்டாமா?

நடைமுறையில் என்ன நடக்கிறது? அப்பா முழங்கால் தண்ணீரில் இறங்கிவிடுகிறார். அம்மா பிள்ளைகளைப் பிடித்து, ரொட்டி நறுக்கி, ஈரத்துணி மாற்றி, பகல் முழுக்க ஓடுகிறாள். பெயர் குடும்ப உல்லாசப் பயணம். அவளுக்கோ வீட்டு வேலை இடம் மாறியதுதான் மிச்சம். அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைக்கு ஒரு பெரியவர் வீதம் வெறுங்கையோடு நிற்க வேண்டும். கோல் பிள்ளை கையில் இருக்கட்டும். அப்பாவுக்கு ஆசையிருந்தால் வேறொரு நாள் தனியாகப் போகட்டும். யார் தடுத்தது?

வெறுங்கையோடு நிற்பவருக்கும் வேலை உண்டு. கோலைப் பின்னால் வீசும்போது அந்தப் பக்கம் யாரும் நிற்காமல் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் தொப்பியும் கண்ணாடியும் வேண்டும். முள்ளில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூரை இடுக்கியால் நசுக்கிவிட்டால், தவறித் தோலில் குத்தினாலும் சுலபமாக வந்துவிடும். மீனுக்கும் அதுவே நல்லது.

நாற்பது வருடம் கோப்பு புரட்டியவன் என்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் அங்கே மீன்பிடி அட்டை வேண்டும், விலை சொற்பம். த்ருயித் ஆறுகளில் பொதுவாக மார்ச் இரண்டாம் சனிக்கிழமை தொடங்கி, செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு வரைதான் அனுமதி. இத்தனை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்ற அளவும் உண்டு. அது ஆற்றுக்கு ஆறு மாறும். பிள்ளை கையில் ஒரு அளவுகோலைக் கொடுத்துப் பாருங்கள், அதிகாரி தோற்றார்!

சில இடங்களில் பிடித்த மீன் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. ‘விடுவதற்கு ஏன் தாத்தா பிடிக்கணும்?’ என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. பிரெஞ்சில் ‘மீன் பிடிப்பது’, ‘பாவம் செய்வது’ இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். முதல் ‘எ’ மேல் போடும் குறிதான் வேறு. எங்கள் காலத்தில் டிக்தே எழுதும்போது குறி மாறினால் மீன்காரன் பாவியாகிவிடுவான்! லூ ஆற்றங்கரையில் உள்ள ஓர்னான் ஊரில் பிறந்த ஓவியர் கூர்பே, 1870களில் தூண்டில் மாட்டிய த்ருயித் மீன் ஒன்றை வரைந்திருக்கிறார். அதன் வேதனை படத்தில் தெரியும். பேரனிடம் நான் மழுப்பவில்லை. மீனுக்கு வலிக்கும், அதனால் தின்பதற்கென்றால் அளவுள்ளது ஒன்று போதும், விடுவதென்றால் கையை நனைத்துக்கொண்டு பிடித்துச் சட்டென்று விட வேண்டும் என்றேன். எதுவானாலும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பிள்ளையிடம் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. மீனைக் கையில் வைத்துக்கொண்டு விவாதம் செய்யக் கூடாது.

நேரம்? அரைநாள் தாராளம். பிள்ளை ‘போதும்’ என்றால் மூட்டை கட்டிவிட வேண்டும். ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்று கெஞ்சுவது எப்போதும் பெரியவர்கள்தான்.

ஜூலை, ஆகஸ்டில் பேரப்பிள்ளைகள் புதுச்சேரிக்கு வருவார்கள். இங்கே இறகு கட்டிய ஈ வேண்டாம், மூங்கில் கழியும் மண்புழுவும் போதும். சுண்ணாம்பாற்றுப் பக்கமோ ஏதாவது ஏரிக்கரைக்கோ அழைத்துப் போவீர்கள். கழியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையின் மேல் கண்ணை வையுங்கள். கைப்பேசியும் ஒரு தூண்டில்தான், அதையும் பையிலேயே விட்டுவிடுங்கள்.