காதுக்குப் பின்னால் ஒரு முச்சந்தி

இதைப் படிக்கும்போது உங்கள் வலது கையைச் சும்மா வைத்திருங்கள். அதற்கு வேலை இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் ஓர் அக்கா. இளவயதில் பால்மரம் வெட்டியவர். ரப்பர்க் காடு செம்பனையான பிறகு உதிரிப்பழம் பொறுக்கினார். அவருக்கு வலது கன்னத்தில் ஒரு வலி. முகம் கழுவினால், பல் விளக்கினால், காற்றுப் பட்டால்கூட மின்சாரம் தாக்கியதுபோல் சுள்ளென்று இழுக்கும். சில விநாடியில் விட்டுவிடும், மறுபடியும் வரும். பல்வலி என்று சொல்லி மூன்று கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டார்கள். மூன்றும் நல்ல பற்கள்! வலி மட்டும் அப்படியே இருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு மூளைத்தண்டை விட்டுப் புறப்படும் இடத்தில், ஓர் இரத்தக் குழாய் அதன்மேல் சாய்ந்து துடித்துக்கொண்டிருந்தது. மாத்திரை கொஞ்ச காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. ஆப்பரேஷன் என்றார்கள். அன்று இரவு அக்காவின் மகன் ஒரு பாரத்தைக் கையில் பிடித்தபடி என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“சார், வலி கன்னத்துல. ஓட்டை காதுக்குப் பின்னால போடுவாங்களாம். இரத்தம் கொட்டலாம்னு வேற எழுதியிருக்கு. அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லலாமா?”

நான் டாக்டரல்ல, பள்ளிக்கூட வாத்தியார். போடு, போடாதே என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று விளக்க முடியும்.

இப்போது உங்கள் விரலைக் கொண்டுவாருங்கள். காது மடலுக்குப் பின்னால் முட்டுகிறதே ஒரு எலும்பு, அது ஓர் அடையாளம். அங்கிருந்து பின்மண்டையின் நடுவுக்குப் போங்கள். கழுத்துத் தசை முடிகிற இடத்தில் ஒரு சிறு புடைப்புத் தட்டுப்படும். சிலருக்குப் பெரிதாக இருக்கும், சிலருக்குத் தேட வேண்டும். இனி காதுக்கு முன்னால் கன்ன எலும்பு தொடங்கும் இடத்திலிருந்து, காதின்மேல் அந்தப் புடைப்பு வரை ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டை ஒட்டித்தான், மண்டையோட்டின் உள்பக்கம் ஒரு பெரிய சிரைக் கால்வாய் ஓடுகிறது.

டாக்டர்கள் இதை ‘சைனஸ்’ என்பார்கள். மூக்குச் சளியை நினைத்துவிடாதீர்கள், அது வேறு. மூளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் இரத்தம் போகிறது. போனது திரும்ப வேண்டாமா? மூளையைச் சுற்றிய கனத்த சவ்வின் இரண்டு மடிப்புகளுக்கு இடையில் இந்தக் கால்வாய்கள் இருக்கின்றன. பின்மண்டையில் குறுக்கே வரும் கால்வாய், காதுக்குப் பின்னால் வளைந்து கீழே இறங்கிக் கழுத்துக்குப் போகிறது. அந்த வளைவின் மூலைக்குள்தான் டாக்டர் நுழைய வேண்டும். ஒரு விரற்கடை தள்ளித் திறந்தால், சிறுமூளையை அதிகமாக ஒதுக்க வேண்டிவரும். காது கேட்கும் நரம்புக்கு ஆபத்து. மிக நெருங்கினாலோ கால்வாயே கிழியும்.

கிழிந்தால் என்ன? அதன் சுவர் விறைப்பானது, சாதாரண நரம்புபோல் சுருங்கி மூடிக்கொள்ளாது. இரத்தம் பெருகும். தலை இதயத்தைவிட உயரத்தில் இருந்தால் காற்று உள்ளே உறிஞ்சப்பட்டு இதயத்துக்கே போய்விடும். உடனே அழுத்திப் பிடிப்பார்கள், உப்புநீரை ஊற்றுவார்கள். அடைத்துத் தொலைப்போம் என்று முழுதும் அடைக்கவும் முடியாது, மூளை வீங்கிவிடலாம்.

பால் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பட்டைக்கு அடியில் மரத்தை வளர்க்கும் மெல்லிய தோல் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் கத்தி அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். நின்றால் மங்கு நிறையும். தாண்டினால் மரத்தில் காயம், அப்புறம் முண்டு.

டாக்டருக்குக் கண்ணாக இருப்பவை எலும்பின் அடையாளங்கள். தோலை விலக்கியதும் காதுக்குப் பின்னால் மண்டையோட்டின் மூன்று பொருத்துகள் கூடும் ஒரு முச்சந்தி தெரியும். கிரேக்க மொழியில் நட்சத்திரம் என்று பொருள்படும்படி அதற்கு அஸ்டீரியன் என்று பெயர். கால்வாய் வளையும் மூலை பெரும்பாலும் அதன் அடியிலோ அருகிலோ இருக்கும். காதெலும்பின் உள்பக்கத்துப் பள்ளத்தின் மேல்முனை, இறங்கு கால்வாயைக் காட்டும். எலும்பைத் துளைத்து வரும் ஒரு சின்னச் சிரை கசிந்தால், கால்வாய் பக்கத்தில் என்று எச்சரிக்கை.

ஆனால் ஆளுக்கு ஆள் இது மாறும். ஒருவருக்கு முச்சந்தியின் நேர் அடியில், இன்னொருவருக்குச் சற்று மேலேயோ கீழேயோ. பெரும்பாலோருக்கு வலப்பக்கக் கால்வாய்தான் பெரிது. அக்காவின் வலியும் வலப்பக்கம். அதனால்தான் முதல் ஓட்டையை முச்சந்தியின் மேலேயே போடாமல், சற்றுக் கீழே தள்ளிப் போட்டு, எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு கால்வாயின் நீல விளிம்பு தெரியும்வரை போகிறார்கள். இன்று முன்கூட்டியே ஸ்கேன் எடுக்கிறார்கள். கணினித் திரையில் வழிகாட்டும் கருவியும் பல இடங்களில் உண்டு. கருவியும் சில மில்லிமீட்டர் பிசகலாம். ஆகவே இளம் டாக்டர்கள் இன்னமும் மண்டையோட்டைக் கையில் வைத்துத் தடவிப் படிக்கிறார்கள்.

உள்ளே போனபின் குழாயை நரம்பிலிருந்து விலக்கி, இடையில் சிறு டெஃப்லான் பஞ்சு வைப்பார்கள். அமெரிக்காவின் பீட்டர் ஜனெட்டா என்ற டாக்டர் 1960களில் முன்னெடுத்த முறை இது.

மகன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தன் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தான். பிறகு ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டிய கேள்விகளை என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டான். ஸ்கேனில் கால்வாய் எங்கே இருக்கிறது? இரத்தம் எடுத்து வைத்திருக்கிறார்களா? காது கேட்குமா? பதில்களைக் கேட்ட பிறகு அக்கா கையெழுத்துப் போட்டார்.

இப்போது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு, கொண்டை மறைத்துக்கொள்கிறது. போன வாரம் வெளியில் காற்றாட உட்கார்ந்திருந்தார். முறுக்குத் தட்டை நீட்டினேன். பல் இல்லாத பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் வைத்துக் கடித்தார்.