சிமென்ட் விலையில் சேராத கணக்கு

அருமனையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போடுகிறார்கள். அடுக்கியிருந்த சிமென்ட் மூட்டைகளில் அரியலூர் என்ற ஊர்ப்பெயரைக் கண்டேன். பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், ஒரு பொருளின் விலையில் எவையெல்லாம் அடங்கியுள்ளன என்று எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். அந்த மூட்டையின் விலையில் சேராத ஒன்று உண்டு.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தின் சுண்ணாம்புப் பாறைகளும் களிமண் அடுக்குகளும் பழங்காலக் கடலில் படிந்தவை. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கும் அந்தப் பதிவு, டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தையும் கடந்து நீள்கிறது. கார்பனின் வரவு செலவும் அதில் உண்டு. கார்பனில் 12, 13 என நிலையான இரு வகைகள் உள்ளன. தாவரங்கள் எடை குறைந்த 12-ஐயே அதிகம் ஏற்கின்றன. உயிர்ப்பொருள் பெருமளவில் கடலடியில் புதைந்தால், நீரில் 13-இன் பங்கு உயரும். அந்த நீரில் உருவாகும் சுண்ணாம்பிலும் அது பதியும்.

இந்தப் பதிவுக்குக் காலம் குறிப்பது எப்படி? கீழடியால் நமக்குப் பழகிய கார்பன்-14 முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் உதவாது. எனவே அம்மோனைட் போன்ற புதைபடிவங்களின் வரிசையைக் கொண்டு அடுக்குகளை முன்பின்னாக அமைக்கிறார்கள். எரிமலைச் சாம்பலிலுள்ள சிர்கான் படிகங்களில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவு, ஆண்டுக் கணக்கைத் தருகிறது. கடல்களில் ஆக்சிஜன் குன்றிய ஒரு நெருக்கடி 9.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது என்று அமெரிக்காவின் மேற்குப் பகுதிச் சாம்பல் அடுக்குகளைக் கொண்டு கணித்துள்ளனர். அப்போதைய கார்பன் விகித மாற்றம் உலகின் பல இடங்களில் பதிந்துள்ளது. அதையே அடையாளமாகக் கொண்டு, பெரம்பலூர் மாவட்டக் காரையின் களிமண் அடுக்குகளிலும் அந்தக் காலத்தைத் தேட முடிகிறது.

காலக்கணிப்பு இன்றி வேகத்தை அறிய இயலாது. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பெருமளவு கார்பன் வெளியேறி, புவியின் வெப்பம் 5 முதல் 6 டிகிரி உயர்ந்தது. அதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன. மீள்வதற்கு ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நாமோ சுமார் 250 ஆண்டுகளில் காற்றின் கார்பன் டை ஆக்சைடை, பத்து லட்சத்தில் 280 பங்கிலிருந்து 420-க்கு மேல் உயர்த்திவிட்டோம்.

தூய சுண்ணாம்புக்கல் ஒரு டன்னைச் சுட்டால், எரிபொருளின் புகை நீங்கலாகவே, சுமார் 440 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பழைய கணக்கேட்டைக் கொளுத்தி, புதிய கடனை ஏற்றுகிறோம்.

சிமென்ட் வேண்டாம் என்று நான் கூறவில்லை. வீடு வேண்டும், அரியலூர்த் தொழிலாளிக்கு வேலையும் வேண்டும். ஆனால், சுரங்க உரிமத்தொகை டன் கணக்கில் வசூலாகிறதே தவிர, அந்தப் பாறை தாங்கிய பதிவுக்கு எந்த மதிப்பும் இல்லை. புவிப் பாரம்பரியத் தலங்களைக் காக்க ஒன்றிய சுரங்க அமைச்சகம் 2022-இல் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அதன் நோக்கம் குத்தகை நிபந்தனைகளிலும் இடம்பெற வேண்டும். வெட்டுவதற்கு முன் அடுக்கு அடுக்காக மாதிரி எடுப்பது, முக்கியமான பாறைமுகங்களை வெட்டாமல் விடுவது ஆகிய இரண்டும் கட்டாயமாக வேண்டும். இழந்த பணத்தை ஈட்டலாம். கடல் எழுதிய ஏட்டை மீண்டும் எழுத எந்தக் கருவூலத்தாலும் இயலாது.