டிராக்டருக்குக் கூடுதல் விளக்கு: பெரிய பியூஸ் தீர்வல்ல

கேள்வி: இரவு உழவுக்காக டிராக்டரின் பின்புறம் 55 வாட் விளக்குகள் இரண்டு பொருத்தினேன். டேஷ்போர்டில் சுவிட்ச் வைத்து, ஹெட்லைட் ஒயரிலிருந்தே இணைப்புக் கொடுத்தேன். சுவிட்ச் சூடாகிறது, பியூஸும் அடிக்கடி போகிறது. பெரிய பியூஸ் போடலாமா?
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: வேண்டவே வேண்டாம். பியூஸ் போவது உங்கள் வண்டியைக் காப்பாற்றத்தான். பெரிய பியூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயர். வைக்கோல் ஏற்றும் வண்டியில் அது போதும், எல்லாம் சாம்பலாகிவிடும்.

110 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 9 ஆம்பியர். ஹெட்லைட் ஒயர் இந்தக் கூடுதல் சுமையைத் தாங்காது. தனி ஒயரும் ரிலேயும் தேவை.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர் எடுத்து, பேட்டரி அருகிலேயே 15 ஆம்பியர் பியூஸ் வைத்து, ரிலேயின் 30 எண் முனையில் இணையுங்கள். 87 விளக்குகளுக்கு, 85 எர்த்துக்கு. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரிலிருந்து சுவிட்ச் வழியாக 86-க்குக் கொடுங்கள். சுவிட்ச் சூடாகாது, மறந்து விட்டாலும் பேட்டரி இறங்காது.

தகட்டுத் துளையில் ரப்பர் புஷ் அவசியம். சூடுபட்ட பழைய ஒயரையும் சுவிட்சையும் மாற்றிவிடுங்கள். பழக்கமில்லையென்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் இதைக் காட்டிச் செய்யச் சொல்லுங்கள்.