கிழிச்சது ரூல் புக்கை, ஃபிசிக்ஸ் புக்கை இல்ல

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் காட்டமான பதிவு. வீடியோ கேம்னாலே அலர்ஜி ஆகிறவங்களும் பொறுமையா படிங்க, விஷயம் கேமைப் பத்தி மட்டும் இல்ல.

கிரான் டூரிஸ்மோ 5 கேம் 2010 நவம்பர்ல வந்துச்சு. அதுல ரெட் புல் எக்ஸ்2010னு ஒரு கார். "எந்த விதியும் இல்லேன்னா உலகத்துலயே வேகமான ரேஸ் கார் எப்படி இருக்கும்?" இதுதான் கேமை உருவாக்கின கசுனோரி யமவுச்சியோட கேள்வி. பதில் சொன்னவர் ஃபார்முலா 1 உலகத்தோட பெரிய மண்டை ஏட்ரியன் நியூவி. 3 லிட்டர் வி6 ட்வின் டர்போ, 1483 குதிரைத்திறன், எடை வெறும் 545 கிலோ, மூடின காக்பிட், மூடின சக்கரம், பின்னாடி பெரிய விசிறி. கேமுக்குள்ள செபாஸ்டியன் வெட்டல் சுசூகால ஓட்டிப் பார்த்தப்ப நிஜ ஃபார்முலா 1 ரெக்கார்டை விட 20 நொடிக்கும் மேல கம்மியா சுத்தி வந்தார்.

இந்தக் காரைப் பத்திப் பேச்சு வந்தாலே நம்மாளுங்க ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சிடறாங்க.

கோஷ்டி 1: "கேம்தானே பாஸ், என்ன நம்பர் வேணா போட்டுக்கலாம். ரஜினி படத்துல கார் பறக்கற மாதிரிதான்."

கோஷ்டி 2: "பாத்தீங்களா, ரூல்ஸ் மட்டும் இல்லேன்னா இஞ்சினியர்கள் எங்கயோ போயிருப்பாங்க. எஃப்-1 விதிகள்தான் கழுத்தை நெரிக்குது."

ரெண்டுமே ஜல்லி. ஒவ்வொருத்தரா வருவோம்.

கோஷ்டி 1க்கு

அந்த விசிறி ஒண்ணும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்காரன் கற்பனை இல்ல சாமி. 1970லயே ஜிம் ஹால் சாப்பரல் 2ஜேன்னு ஒரு காரை கேன்-ஆம் ரேஸ்ல இறக்கினார். பின்னாடி ரெண்டு விசிறி, அதைச் சுத்த வைக்க பனிச்சறுக்கு வண்டியோட டூ-ஸ்ட்ரோக் இஞ்சின் தனியா ஒண்ணு. வண்டியைச் சுத்தி பாவாடை மாதிரி தடுப்பு. அடியில இருக்கற காத்தை உறிஞ்சி வெளிய தள்ளிட்டா, மேல இருக்கற காத்தே வண்டியைத் தரையோட அமுக்கிடும். வேகத்துல மத்தவங்களைத் தூக்கிச் சாப்பிட்டது. ஆனா அடிக்கடி ரிப்பேர், ஒரு ரேஸும் ஜெயிக்கல. அந்த சீசனோட தடை.

1978ல கார்டன் மர்ரே அதையே ஃபார்முலா 1க்கு கொண்டு வந்தார், பிரபாம் பிடி46பி. "விசிறி இஞ்சினைக் குளிர வைக்கத்தான் சார்"னு ஒரு விளக்கம் வேற :-) ஸ்வீடன் ரேஸ்ல நிக்கி லாடா அரை நிமிஷத்துக்கும் மேல வித்தியாசத்துல ஜெயிச்சார். ஒரே ஒரு ரேஸ், அதோட மூட்டை கட்டிட்டாங்க.

சாதாரண ரேஸ் காரோட றெக்கை தர்ற அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். வேகம் பாதியானா அழுத்தம் கால்வாசி. அதனால மெதுவா திரும்ப வேண்டிய வளைவுல றெக்கை சும்மா அலங்காரம். விசிறிக்கு அந்தக் கவலை இல்ல, வண்டி நின்னுட்டு இருந்தாலும் அமுக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்க. வண்டிக்கு அடியில 4 சதுர மீட்டர் இடத்துல காத்தழுத்தத்தை வெறும் 5 சதவீதம் குறைச்சா, கிட்டத்தட்ட 2 டன் அழுத்தம். வண்டி, டிரைவர் சேர்த்து 620 கிலோ. டயரோட உராய்வுக் குணகம் 1.5னு வச்சுக்கிட்டா, பக்கவாட்டு விசை 6.3 ஜி வருது. வேகம் ஏற ஏற றெக்கை இன்னொரு 800 கிலோ சேர்த்தா, கேம்ல சொன்ன 8.25 ஜி வந்துடும். பழைய காலேஜ் கால்குலேட்டர்லயே போட்டுடலாம். (லோடு ஏற ஏற டயரோட குணகம் குறையும்கறதை இதுல சேர்க்கல. சேர்த்தா கேம் சொல்றதை விடக் கம்மியாத்தான் வரும். ஆனா அடிப்படை தப்பில்ல.)

இன்னும் நம்பிக்கை வரலையா? 2022ல இங்கிலாந்துல மெக்மர்ட்ரி ஸ்பெயர்லிங்னு ஒரு குட்டி எலக்ட்ரிக் கார், இதே விசிறி ஐடியா, நின்ன இடத்துலயே 2 டன் அழுத்தம். குட்வுட் மலையேற்றத்துல 39.08 நொடி, புது ரெக்கார்டு. 2025ல அதைத் தலைகீழா நிறுத்தியே ஓட்டிக் காட்டிட்டாங்க. இப்ப சொல்லுங்க, எது படம், எது நிஜம்?

அப்ப கேம்ல வர்ற எல்லாமே நிஜமா?

அங்கதான் எனக்கு உண்மையான கடுப்பு. 2014ல இதே கேம் வரிசைக்கு செவர்லே ஒரு கார் வரைஞ்சு குடுத்தாங்க. பேரு சாப்பரல் 2எக்ஸ். ஜிம் ஹாலோட பேரை எடுத்துக்கிட்டாங்க, மூளையை விட்டுட்டாங்க. டிரைவர் குப்புறப் படுத்து ஓட்டணும். 671 கிலோவாட் லேசர் காத்தைச் சூடாக்கி, அந்த அதிர்வலை வண்டியைத் தள்ளுமாம். 60 மைல் வேகத்தை 1.5 நொடியில தொடுமாம்.

2000ல அமெரிக்காவுல நிஜமாவே லேசர் வச்சு ஒரு பொருளைத் தூக்கினாங்க. 10 கிலோவாட் லேசர், 51 கிராம் எடை, 71 மீட்டர் உயரம். அந்தக் கணக்கை அப்படியே பெருக்குங்க. 671 கிலோவாட் மூணரைக் கிலோவைத் தூக்கும். தாராளமா ரெண்டு மடங்கு வச்சாலும் ஏழு கிலோ. சில நூறு கிலோ காரை, அதோட எடையை விட அதிகமான விசையில தள்ளணும்னு இவங்க சொல்றாங்க. நூறு மடங்கு உதைக்குது!

எக்ஸ்2010ல கிழிச்சது ரூல் புக்கை. 2எக்ஸ்ல கிழிச்சது ஃபிசிக்ஸ் புக்கை. ரெண்டையும் "கான்செப்ட் கார்"னு ஒரே தட்டுல வச்சு விசிலடிக்கறது, வீட்டுக்கு பிளான் போட்டவனையும் ஆகாயக் கோட்டை கட்டினவனையும் ஒரே மேடையில பொன்னாடை போர்த்தற மாதிரி.

கோஷ்டி 2க்கு

நீங்கதான் ரொம்ப டேஞ்சரான பார்ட்டி. ஏன்னா பாதி உண்மையோட வர்றீங்க.

விதி இல்லாத கார்ல மனுஷன் எங்க உக்காருவான்? தலையும் ஹெல்மெட்டும் சேர்த்து ஆறரைக் கிலோ. 8.25 ஜில கழுத்துல பக்கவாட்டுல 50 கிலோவுக்கு மேல ஒருத்தன் தொங்கற மாதிரி. ஒவ்வொரு வளைவுலயும். 2001ல டெக்சாஸ்ல கார்ட் ரேஸை அன்னைக்கே ரத்து பண்ணாங்க. 5 ஜிக்கு மேல தொடர்ந்து வாங்கினதுல டிரைவர்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் தலை சுத்திடுச்சு. அது வெறும் 5.

அடுத்து, விசிறி நின்னா? 200 கி.மீ. வேகத்துல 6.3 ஜில திரும்பற வண்டிக்கு 50 மீட்டர் ஆரம் போதும். பாவாடை ஒரு கல்லுல இடிச்சு காத்து உள்ள பூந்துட்டா, றெக்கையைக் கணக்குல எடுக்காம பார்த்தா பிடிப்பு 1.5 ஜிக்கு இறங்கிடும். அதே வேகத்துல திரும்ப 210 மீட்டர் ஆரம் வேணும். பாக்கி 160 மீட்டருக்கு ரோடு எங்க இருக்கு? சுவர்தான் இருக்கு. சில சுவருக்குப் பின்னாடி ஜனங்களும் இருப்பாங்க.

கேம்ல ரீஸ்டார்ட் பட்டன் இருக்கு. நியூவிக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. 1994 மே 1 அன்னைக்கு இமோலாவுல அயர்டன் சென்னா செத்தப்ப ஓட்டிட்டு இருந்த வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ16 காரை வடிவமைச்சதுல முக்கியமான ஆள் அவர்தான். அப்படிப்பட்டவர் கேமுக்கு "விதியில்லாத கார்" வரைஞ்சு குடுத்தார்னா, அது விதி வேண்டாம்னு சொல்றதுக்கு இல்ல. யாரும் சாகாத ஒரு இடத்துல மட்டும்தான் அந்தக் கேள்வியை முழுசா கேக்க முடியும்னுதான் நான் படிக்கறேன்.

எக்ஸ்2010 நல்ல இஞ்சினியரிங். ஏன்னா அது எந்த எல்லையைத் தாண்டுதுன்னு அதுக்கே தெரியும். அதைப் பாத்துட்டு "ரூல்ஸை எல்லாம் தூக்குங்க"ங்கறவன், அந்த எல்லையில ஒரு மனுஷக் கழுத்து இருக்குன்னு மறந்தவன். இதே வாதத்தைப் பாலம் கட்டறவனும், லிஃப்ட் போடறவனும், ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் எழுதறவனும் பேச ஆரம்பிச்சா என்ன ஆகும்னு யோசிங்க. நம்மள்ல பாதிப் பேர் அந்த வேலையிலதான் இருக்கோம்.

அதனால அடுத்த தடவை ஏதாவது கனவுக் காரோட ஸ்பெக் ஷீட்டைப் பாத்து வாய் பொளக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. இது எந்த விதியை மீறுது, மனுஷன் போட்டதையா இயற்கை போட்டதையா? மனுஷன் போட்டதுன்னா, எதுக்காகப் போட்டான்?

டிஸ்கி: கேம் ஆடறது வெட்டி வேலைன்னு கும்ம வர்ற பெரியவங்களுக்கு, மேல இருக்கற கணக்கை ஒருவாட்டி நீங்களே போட்டுப் பாத்துட்டு வாங்க. தப்பு இருந்தா அடிங்க, வாங்கிக்கறேன் :-)